ழ என்றால் பச்சை

என்னோடு சேர்ந்து முட்டி தேய்ந்த தோழிகளே, முதலில் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொள்ளுங்கள். தலைமேல்தான் இருக்கும், தடவிப் பாருங்கள்.

என் பேத்தி பத்தாம் வகுப்பு படிக்கிறாள். பாடத்தில் முக்கியமான இடத்துக்குக் கலர் அடித்தால் மனதில் நிற்கும் என்று யாரோ பள்ளிக்கூடத்துக்கு வந்து சொல்லிவிட்டுப் போனார்களாம். அன்று மாலையே கண்ணைப் பறிக்கும் பேனாக்கள் ஒரு கட்டு வீட்டில் வந்து இறங்கின. கொஞ்ச நாளில் அவளுடைய வரலாற்றுப் புத்தகம் பஞ்சுமிட்டாய்க் கடை மாதிரி ஆகிவிட்டது.

"எதுடி இதுல முக்கியம்?" என்று கேட்டேன்.

"எல்லாமே முக்கியம்தான் ஆயா."

ஒரு வரிகூட வெள்ளையாக இல்லை. கல்யாணத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் கூறைப்புடவை கட்டிக்கொண்டு நின்றால், பையன் தாலியை யார் கழுத்தில் கட்டுவான்? இதைச் சொன்னேன். ஆயாவுக்குப் படிப்பைப் பற்றி என்ன தெரியும் என்கிற மாதிரி உதட்டைப் பிதுக்கினாள்.

எனக்கா தெரியாது? மூன்றாம் வகுப்பை இரண்டு முறை படித்தவள் நான். நீங்கள் எல்லாம் ஒரே முறை படித்துவிட்டு ஓடிப்போனவர்கள்.

அந்த இரண்டாவது மூன்றாம் வகுப்பைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

அப்போது எங்கள் கடை கோயில் ராஜகோபுரத்துக்கு எதிரே இருந்தது. கடை என்றால் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஒரு பலகை, மேலே ஒரு கோணி, பலகைமேல் கோபுரம் கோபுரமாகக் குவித்த குங்குமம், மஞ்சள், விபூதி, கோலப்பொடி. அவற்றுக்குப் பின்னால் எங்கள் அப்பா. நாங்கள் அவரை நைனா என்றுதான் கூப்பிடுவோம். சாயங்காலம் கடையைக் கட்டும்போது அவர் புருவம்கூடச் சிவப்பாக இருக்கும்.

நான் எழுத்தில் மக்கு. கணக்கெல்லாம் வாயாலேயே போட்டுவிடுவேன். எழுதச் சொன்னால்தான் மாட்டிக்கொள்வேன். அதிலும் இந்த ல, ள, ழ மூன்றும் சேர்ந்து என்னைப் படுத்திய பாட்டை என் மாமியார்கூடப் படுத்தியதில்லை. எங்கள் ஊரில் பிறந்தவர்களுக்கு ழ வராதே, உங்களுக்குத் தெரியும். மழை பெய்தால் "மயை பெய்யுது" என்போம். பழம் வேண்டுமென்றால் "பயம் குடு" என்போம். வாய் சொன்னதைத்தானே கை எழுதும்? ஸ்லேட்டில் "எனக்குப் பயம் வேண்டும்" என்று எழுதி அதற்காக அடி வாங்கியவள் நான். அடி வாங்கியதும் பயம் தானாகக் கிடைத்தது.

ஒரு வருடம் தோற்றாயிற்று. அந்தச் சமயத்தில் மலைக்கு அந்தப் பக்கம் அடி அண்ணாமலையில் இருந்த அத்தைக்குக் குழந்தை பிறந்தது. அத்தைக்குக் கழனி வேலை இருந்தது, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. ஒரு நாள் கடைக்கே வந்துவிட்டாள்.

"ண்ணா, இவ படிச்சு இன்னா கியிக்கப்போறா? என்னோட அனுப்பிடு. பச்சைக் கொயந்தய வெச்சிகினு நான் தவிக்கிறேன்."

நைனா கொஞ்ச நேரம் குங்குமக் குவியலைத் தட்டிச் சரி செய்தார். "இந்த வருசம் போவட்டும். பாஸ் பண்ணலன்னா கூட்டிகினு போ. நானே ஜட்கா ஏத்தி வுடுறேன்."

அத்தையின் குழந்தை அழுதால் மலையே திரும்பிப் பார்க்கும். அதை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆயுள் முழுக்க நிற்பதை நினைத்தபோதுதான் எனக்கு முதல்முறையாகப் படிப்பின் மேல் ஆசை வந்தது.

அந்த வருடம் எங்களுக்குப் புது டீச்சர் வந்தார். தெற்கே, தாமிரபரணிப் பக்கத்துப் பெண். ஒல்லியாக, எப்போதும் எதையோ தேடுகிற முகத்தோடு இருப்பார். அவர் பேசுவதே எங்களுக்கு வேடிக்கையாக இருக்கும். "ஏட்டி, என்ன முளிக்க? எளுது" என்பார். நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம்.

முதல் நாளே அவருக்கு எங்கள் வியாதி தெரிந்துவிட்டது. எங்களுக்கும் அவருடையது தெரிந்தது. எங்களுக்கு ழ என்றால் ய. அவருக்கு ழ என்றால் ள. "மளை பெய்யுது, எளுதுங்க" என்று அவர் சொல்ல, நாங்கள் "மளை" என்று எழுத, "தப்பு" என்று அவரே அடிப்பார். அடித்துவிட்டு அவர் முகம் வாடிப்போகும். தப்பு எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாதா என்ன? அவர் காதும் உதவவில்லை, எங்கள் வாயும் உதவவில்லை. மிச்சம் இருந்தது கண் ஒன்றுதான்.

ஒரு நாள் அவர் பெரிய சாரிடம் போய்க் கலர் சாக்பீஸ் கேட்டார். பெரிய சார் என்றால் எங்கள் தலைமையாசிரியர். வாய் நிறைய வெற்றிலை, சட்டைப் பையில் மிச்ச வெற்றிலை.

"கலர் சாக்பீஸ் ஆண்டு விழாவுக்கு டீச்சர். எய்த்துக்கு இன்னாத்துக்குக் கலரு? எய்த்து வெள்ளை, பலகை கருப்பு. அவ்ளோதான்."

அன்று சாயங்காலம் டீச்சர் எங்கள் கடைக்கு வந்தார். குங்குமம், மஞ்சள் தூள், பச்சைக் கோலப்பொடி, மூன்றும் வாங்கினார். அடுத்த வாரமும் வந்தார். நைனா உருகிவிட்டார். "ஊரு வுட்டு ஊரு வந்த பொண்ணு, கல்யாணம் ஆவணும்னு வேண்டுதல் போல" என்று ஒவ்வொரு தடவையும் ஒரு பிடி கொசுறு போட்டுக் கொடுத்தார். அவர் கொசுறு போடுவது பெரிய விஷயம். எங்கள் அம்மாவுக்கே போட்டதில்லை.

டீச்சரோ அவற்றைத் தண்ணீரில் கரைத்து, வெள்ளை சாக்பீஸை ஊறவைத்துக் காயவைத்திருக்கிறார். மறுநாள் துணி முடிச்சை அவிழ்த்தால், மஞ்சளில் ஊறியதும் சிவப்பாக இருக்கிறது. அந்த சாக்பீஸில் சுண்ணாம்பு ஜாஸ்தி. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று ஆரத்தி எடுத்த எந்தப் பெண்ணுக்கும் தெரியும். டீச்சர் அவசரத்தில் மறந்துவிட்டார். "டீச்சர் பலகைக்கு ஆரத்தி எடுக்கறாங்கடி" என்று நான்தான் முதலில் சொன்னேன். டீச்சரும் சேர்ந்து சிரித்தார்.

மஞ்சள் போனால் போகட்டும் என்று இரண்டு கலரோடு ஆரம்பித்தார். ல வெள்ளையாகவே இருக்கும். பால், பல் இரண்டும் வெள்ளைதானே? ள சிவப்பு, மிளகாய் மாதிரி. ழ பச்சை, தழை மாதிரி, கழனி மாதிரி. மற்ற எழுத்து எதற்கும் கலர் கிடையாது. கரும்பலகை முழுக்க வெள்ளை எழுத்து; நடுவில் ஒன்றே ஒன்று மட்டும் பச்சையாக உட்கார்ந்திருக்கும். நீங்கள் கண்ணை மூடினாலும் அது போகாது.

"பச்சைன்னா எதெல்லாம் பச்சை? சொல்லுங்க பார்ப்போம்" என்று டீச்சர் கேட்டார்.

நான் எழுந்தேன். "பச்சைக் கொயந்த, பச்சைத் தண்ணி, பச்சைக் கற்பூரம் டீச்சர்."

அத்தையிடம் குழந்தை, பானையில் தண்ணீர், கடையில் கற்பூரம். எனக்குத் தெரிந்த பச்சை எல்லாம் அவ்வளவுதான். ஒன்றுகூடப் பச்சையாக இருக்காது. டீச்சர் பயந்துபோய் ஒரு வேப்பிலையைப் பறித்து என் மூக்குக்கு நேரே பிடித்தார்.

"இது என்ன நிறம், சொல்லு தாயி?"

"பச்சை டீச்சர். எனக்கு கண்ணு நல்லாத்தான் தெரியும்."

அவருக்கு உயிர் திரும்பி வந்தது. நான் சும்மா இருப்பேனா?

"டீச்சர், கிளி பச்சைதான? அதுக்கு ஏன் செவப்பு எழுத்து?"

டீச்சர் பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மூக்கு செவப்புல்லா!"

இன்றுவரை கிளியைப் பார்த்தால் எனக்கு உடம்பு தெரியாது, மூக்குதான் தெரியும்.

"அப்ப வெள்ளைக்கு டீச்சர்? வெள்ளைன்னு எய்தினா செவப்பு வருதே?"

"ஏட்டி, நீ எங்க இருந்துட்டி வந்த? அத மட்டும் அப்படியே மனசுல வச்சிக்கோ" என்று கையெடுத்துக் கும்பிட்டார். வகுப்பே சிரித்தது. அந்தச் சிரிப்பாலேயே 'வெள்ளை' எனக்கு மறக்கவில்லை.

ஸ்லேட்டில் எங்களுக்கு ஏது கலர்? பலப்பம் எழுதுவது ஒரே நிறம்தான், எழுதியது போக மிச்சத்தைத் தின்றுவிடுவோம். ஆனால் 'மழை' என்று எழுதும்போது அந்த ழ மட்டும் எனக்குப் பச்சையாகத் தெரியும். வெள்ளைக் கோட்டுக்குள்ளே பச்சை. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பேய் பிடித்துவிட்டது என்று மந்திரிக்கக் கூட்டிக்கொண்டு போவார்கள்.

டிக்டேஷன் சொல்வதற்கும் டீச்சர் ஒரு வழி கண்டுபிடித்தார். சொல்லைச் சொல்லி, கூடவே கலரையும் சொல்லிவிடுவார். "மளை, பச்சை." "பள்ளி, சிவப்பு." அவர் நாக்கு செய்ய முடியாததைக் கலர் செய்தது. அதெல்லாம் அப்போது எனக்கு எங்கே புரிந்தது? டீச்சருக்குக் கலர் பைத்தியம் என்று நினைத்துக்கொண்டேன்.

நைனாவுக்கு விஷயம் தெரிந்தது ஒரு நாள். என் பாவாடை முடிச்சிலிருந்து ஒரு துண்டு சாக்பீஸ் விழுந்தது. எடுத்துத் தேய்த்தார், முகர்ந்தார்.

"இது நம்ம கடக் குங்குமம்!"

நான் நடந்ததைச் சொன்னேன். அவருக்குக் கோபம். நெற்றிக்கு வைக்கிறதைப் பலகைக்கு வைப்பதா? அன்று டீச்சர் கடைக்கு வந்ததும் கேட்டேவிட்டார்.

"இன்னாங்கம்மா, வேண்டுதல்னுல்ல நெனச்சேன் நானு?"

டீச்சர் குரல் இறங்கிவிட்டது. "வேண்டுதல்தான் அண்ணாச்சி. உங்க மக பாஸாகணும்னுதான் வேண்டுதல்."

நைனா பொட்டலம் கட்டினார். வழக்கமான பிடியை அள்ளினார், பாதி வழியில் நிறுத்தினார், திரும்பக் குவியலிலேயே போட்டுவிட்டார். "பக்திக்குத்தான் கொசுறு. பாடத்துக்கு இல்ல."

டீச்சர் போகிறவரை முறைப்பாகவே இருந்தார். போன பிறகு என்னைப் பார்த்து, "ஒயுங்கா எய்துவியா?" என்று கேட்டார். கேட்ட விதத்தில் முறைப்பு கம்மியாகத்தான் இருந்தது.

முழுப் பரீட்சை வந்தது. சொந்த வகுப்புக்குச் சொந்த டீச்சர் டிக்டேஷன் சொல்லக் கூடாது என்பது எங்கள் பள்ளிக்கூடத்து வழக்கம். டீச்சரை வராந்தாவில் உட்காரவைத்துவிட்டுப் பெரிய சாரே வந்தார். அத்தை அன்று காலையிலேயே குழந்தையோடு வந்து கடையில் உட்கார்ந்துவிட்டாள். என் துணியைக்கூட ஒரு பையில் அடுக்கியாயிற்று என்று அம்மா சொல்லியிருந்தாள். என் கை பலப்பத்தைப் பிடிக்கவில்லை, பலப்பம்தான் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தது.

பெரிய சார் எங்கள் ஊர்க்காரர். போதாததற்கு வாயில் வெற்றிலை. சொன்ன சொல் எல்லாம் சாற்றில் மிதந்து வந்தது. கடைசியாக ஒன்று சொன்னார்.

"வாயப்பயம். எய்துங்க."

எங்கள் பலகையில் டீச்சர் எழுதாத சொல் அது. எந்த எழுத்து என்று தெரியவில்லை. ஆனால் காதை நம்பக் கூடாது, கலரைக் கேட்க வேண்டும் என்பது மட்டும் எனக்குத் தெரியும். மற்றப் பிள்ளைகள் பெரிய சாருக்குப் பயந்து குனிந்துகொண்டார்கள். எனக்கு அவரைவிட அத்தைமேல் பயம். எழுந்துவிட்டேன்.

"சார், பச்சையா செவப்பா?"

பெரிய சார் புருவத்தைத் தூக்கினார். கோயில் வாசலில் கடை வைத்திருப்பவன் மகள், பழ வகை கேட்கிறாள் என்று நினைத்திருக்கிறார். பச்சைப் பழமும் உண்டு, செவ்வாழையும் உண்டே!

"இன்னாம்மா இது, வேபாரமா பண்ண வந்த?" என்று சிரித்தார். "செவப்பே எய்து. அதான் ஒடம்புக்கு நல்லது."

அப்பாடா என்று உட்கார்ந்தேன். இரண்டு இடத்திலும் கண்ணை மூடி மிளகாயை நினைத்து ள போட்டேன். எழுத்து எழுத்தாக, அழகாக: வாளைப்பளம்.

அவர் நேரே என்னிடம்தான் வந்தார். போன வருடம் தோற்றவள் இல்லையா? ஸ்லேட்டை வாங்கிப் பார்த்தார்.

"வாளை! பயம் எய்தச் சொன்னா மீனு எய்தி வெச்சிகிறா!" வகுப்பு முழுக்கச் சிரித்தது. "இந்த வருசமும் இங்கியே குந்து. போ."

எனக்கு அழுகை வரவில்லை. அத்தையின் குழந்தை அழுகிற சத்தம்தான் காதில் கேட்டது. டீச்சர் வாசற்படிக்கு வந்துவிட்டார்.

"ஏட்டி, ஏன் இப்படி எளுதுன?"

"சார்தான் டீச்சர் செவப்புன்னு சொன்னாரு."

டீச்சர் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. பிறகு மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக, பச்சை என்றால் எந்த எழுத்து, சிவப்பு என்றால் எந்த எழுத்து என்று பெரிய சாருக்குச் சொன்னார். பெரிய சார் கோபிக்கப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

பெரிய சார் பக்கத்து ஸ்லேட்டை எடுத்தார். வாயப்பயம். அடுத்ததை எடுத்தார். வாயப்பயம். முன் வரிசை முழுக்க வாயப்பயம்.

"யாரு ஒங்களை இப்படி எய்தச் சொன்னது?"

முன் வரிசையில் ஒருத்தி எழுந்து, பயபக்தியோடு சொன்னாள். "நீங்கதான் சார் சொன்னீங்க."

அவர் கையிலிருந்த ஸ்லேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்கிற மாதிரி. பிறகு வராந்தாவுக்குப் போனார். புங்கமரத்தடியில் வெற்றிலையைத் துப்பினார். பானையிலிருந்து தண்ணீர் எடுத்துக் கொப்பளித்தார். விரலால் பல்லைத் தேய்த்து, இன்னொரு முறை கொப்பளித்தார். அவ்வளவு பெரிய மனிதர், எங்கள் எல்லோருக்கும் முன்னால், சாப்பாட்டுக்குப் போகிற குழந்தை மாதிரி வாயைக் கழுவிக்கொண்டு வந்து நின்றார்.

நாக்கை உள்ளே மடித்தார். அது போய் அண்ணத்தில் ஒட்டுகிற வரைக்கும் பொறுத்தார்.

"வா... ழை... ப்ப... ழம்."

நான் அதுவரை அந்தச் சத்தத்தைக் கேட்டதே இல்லை. ஊரில் யாரும் போடாத சத்தம். பாலில் இருப்பதும் இல்லை, மிளகாயில் இருப்பதும் இல்லை. வெள்ளையும் இல்லை, சிவப்பும் இல்லை என்றால் மிச்சம் என்ன? எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் எழுதினேன். இரண்டு பச்சையும் ஸ்லேட்டில் பளிச்சென்று எனக்கு மட்டும் தெரிந்தன.

ஸ்லேட்டைத் தூக்கிக் காட்டும்போது டீச்சரைப் பார்த்தேன். வாசற்படியில் நின்று, பெரிய சாரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். சத்தமில்லாமல் அவருடைய உதடும் அசைந்தது. நாக்கை மடித்துப் பார்க்கிறார். வரவில்லை. திரும்பவும் மடிக்கிறார். டீச்சர் என்றால் எல்லாம் தெரிந்தவர் என்று நினைத்திருந்த வயது அது. பல்லில் ஏதோ மாட்டிக்கொண்டிருக்கிறது என்று நினைத்துவிட்டேன். எங்களோடு அவரும் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தார் என்று இப்போது தோன்றுகிறது.

பெரிய சார் என் ஸ்லேட்டைப் பார்த்தார். "பச்சையா செவப்பான்னு கேட்டப்பவே நான் யோசிச்சிருக்கணும். கேட்டவ இவ ஒருத்திதான். பாஸு." பிறகு டீச்சர் பக்கம் திரும்பினார். "அடுத்த வருசம் டிக்டேஷன் நான் வந்து சொல்றேன் டீச்சர். வாயக் கொப்பளிச்சிட்டு வரேன். கலரு நீங்க பாத்துக்குங்க."

கடைக்கு ஒரே ஓட்டமாக ஓடினேன். அத்தை குழந்தையை மடியில் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் என் துணிப்பை.

"நைனா, பாஸு!"

நைனா தராசைக் கீழே வைத்தார். நிஜமா என்கிற மாதிரி என்னைப் பார்த்தார். நிஜம் என்று தலையாட்டினேன். அவர் குங்குமத்தில் இருந்த விரலை அப்படியே கொண்டுவந்து என் நெற்றியில் வைத்தார். ரொம்பப் பெரிய பொட்டு, மூக்குவரைக்கும் கொட்டியது.

அத்தை விடுவாளா? "பாஸானா இன்னா இப்ப? லீவுதான வுடப்போறாங்க? லீவு முடியற முட்டும் கொயந்தயப் பாத்துக்கட்டும், அனுப்புண்ணா."

இந்த நியாயம் எங்களுக்குத் தோன்றவே இல்லை. நைனாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"கூட்டிகினு போ" என்றார். அவர் துணிப்பையை எடுத்து ஜட்காவில் வைத்தார். பிறகு அத்தையைப் பார்த்து, கடன்காரனிடம் பேசுகிற குரலில் சொன்னார். "ஆனா ஒண்ணு. பள்ளிக்கூடம் தொறக்கற அன்னிக்கி காலைல பொண்ணு இங்க நிக்கணும். மணியடிக்கறதுக்கு முன்ன நிக்கணும். ஆமா."

வண்டி கிளம்பியது. அத்தை மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு, குழந்தையை என் மடியில் போட்டாள். தேரடி தாண்டுவதற்குள் அது என் பாவாடையை நனைத்துவிட்டது. நான் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தேன். நனைந்தது நாலாம் வகுப்புக்காரியின் பாவாடை.